எண்ணெய் தேய்த்த மன்னரும் காணாமல் போன காடும்

முன்னொரு காலத்தில், சபையில் தினமும் சண்டை நடந்ததாலேயே நன்றாக இருந்த ஒரு நாடு இருந்தது.

அந்த நாட்டில் காட்டுக்கு ஒரு மந்திரி, கனலுக்கு ஒரு மந்திரி, முரசுக்கு ஒரு மந்திரி. மரங்களையும் ஆறுகளையும் காப்பது முதலாமவர் வேலை. அரண்மனை அடுப்பிலிருந்து கொல்லன் உலை வரை எரியும் நெருப்புக்கெல்லாம் இரண்டாமவர் பொறுப்பு. ஊருக்கு ஊர் முரசு வைத்து, ஒன்றின் ஒலியை மற்றொன்று வாங்கி முழங்க, அரசச் செய்தியை நாடெங்கும் சேர்ப்பது மூன்றாமவர் கடமை.

“நூறு வண்டி விறகு வேண்டும்” என்பார் கனல் மந்திரி.

“பத்துக்கு மேல் ஒரு குச்சி தரமாட்டேன்” என்பார் காட்டு மந்திரி.

“இதை அப்படியே ஊருக்கெல்லாம் முழக்கட்டுமா?” என்பார் முரசு மந்திரி. உடனே இருவரும் இறங்கி வந்து இருபது வண்டிக்குச் சம்மதிப்பார்கள்.

ஒரு மார்கழியில் மன்னர் கீர்த்திசேகரருக்கு ஜலதோஷம் பிடித்தது. தும்மித் தும்மி மூக்குச் சிவந்த மன்னருக்கு ஓர் ஆசை பிறந்தது. அரண்மனைத் தடாகம் முழுவதும் இரவும் பகலும் வெந்நீராகவே இருக்கவேண்டும்! மந்திரிகள் மூவரும் மூன்று நாள் சண்டை போட்டார்கள். நான்காம் நாள், ஒரு பெரிய தும்மலுக்குப் பிறகு, மன்னர் மூவரின் முத்திரை மோதிரங்களையும் கழற்றி வாங்கினார். அவற்றை மணவாளராயர் என்ற ஒரே மந்திரியின் விரல்களில் மாட்டிவிட்டார். மணவாளராயர் எதற்கும் எதிர்வார்த்தை பேசாதவர்.

அன்றிலிருந்து சபை அமைதியாயிற்று. விறகு கேட்பவரும் அவரே, கொடுப்பவரும் அவரே. “காடு நலம், கனல் நலம், குடிகள் நலம்” என்று முரசு அறைவிப்பவரும் அவரே. தடாகத்தில் ஆவி பறந்தது. மன்னர் அதில் அமிழ்ந்தபடி தினமும் அந்த முரசைக் கேட்டு மகிழ்ந்தார். ஆறு வருஷங்கள் இப்படியே போயின.

ஒரு வெள்ளிக்கிழமை, ஒச்சாயி என்ற மருத்துவச்சியைச் சேவகர்கள் சபைக்கு இழுத்து வந்தார்கள். கூடவே சாட்சிப் பொருளாக ஒரு சுள்ளிக்கட்டும் வந்தது. ஒரு குழந்தை தூக்கும் கனம்தான் இருக்கும்.

“மன்னா, காட்டைக் காக்கும் பொருட்டு, குடிகள் யாரும் அங்கே ஒரு சுள்ளியும் எடுக்கலாகாது என்று சட்டம் செய்திருக்கிறோம். இவள் எடுத்தாள். நாளை மாலை இவளுடைய வலக்கையை வெட்டுவதற்குத் தாங்கள் ஆணையிட வேண்டும்” என்றார் மணவாளராயர்.

“ஏன் எடுத்தாய்?” என்று மன்னர் கேட்டார்.

“காத்தாயிக்கு வலி கண்டுருச்சு சாமி. தலைச்சன் புள்ள. வெந்நி இல்லாம எப்படிப் பிள்ளை எடுக்கிறது? வறட்டியையெல்லாம் அரமனைக்கு வாரிக்கிட்டுப் போயிட்டாக. பட்டுப்போயி விழுந்து கெடந்த குச்சியத்தான் பொறுக்குனேன். பச்சையில கை வைக்கல.” அவள் தன் வலக்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “இந்தக் கையில எரநூறு புள்ளைக்கு மேல எடுத்திருக்கேன் சாமி. காத்தாயி என்ன ஆனாளோ, அதையாச்சும் யாராவது சொல்லுங்க.”

மன்னர் மந்திரியைப் பார்த்தார். “சட்டம் சட்டம்தான், மன்னா” என்றார் மந்திரி.

அந்தச் சபையில் குழைக்காதன் என்ற விகடன் இருந்தான். மன்னர் கொட்டாவி விட்டால்கூட அதை வைத்து ஒரு வேடிக்கை சொல்லிவிடுவான். அன்று மன்னர் அவன் பக்கம் திரும்பி, “ஏதாவது சொல்லு, மனம் கனக்கிறது” என்றார்.

குழைக்காதன் சிரிக்கவில்லை. அவன் முகம் உலையில் போட்ட இரும்பைப் போலச் சிவந்திருந்தது.

“அரசே, தானாக உதிரும் சுள்ளியை ஆண்டவன் ஏழைக்கென்றே உதிர்க்கிறான். ஒரு பானை வெந்நீருக்கு ஒரு கை விலை என்றால், ஒரு தடாகம் வெந்நீருக்கு எத்தனை கை? கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.”

மணவாளராயருக்கு அவன்மேல் வெகு நாளாகவே பொறாமை. மன்னரைச் சிரிக்கவைக்கத் தமக்கு வராதது அவனுக்கு வருகிறதே என்ற பொறாமை. இதுதான் சமயம் என்று அவர் எழுந்தார்.

“ஓய் குழைக்காதரே! வாய்ப்பந்தல் போடுவது எளிது. நாளை ஒரு நாள் இந்த மூன்று மோதிரங்களையும் நீரே அணிந்து பாரும். மூன்றே நிபந்தனைகள். காட்டை விட்டு ஒரு சுள்ளியும் வெளியே போகக்கூடாது. மன்னருடைய வெந்நீர்க் குளியல் தவறக்கூடாது. அரண்மனைச் செய்தி நாடெங்கும் முரசில் கேட்கவேண்டும். மூன்றையும் செய்துவிட்டால் இவள் கை பிழைக்கும். ஒன்று தவறினாலும் இவள் கையோடு உம்முடைய கையும் போகும்!”

“மந்திரியார் சொன்னதைச் சொன்னபடியே ஓலையில் எழுதச் சொல்லுங்கள், அரசே. ஓர் எழுத்துக் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்” என்றான் குழைக்காதன்.

எழுதினார்கள். மன்னர் முத்திரை வைத்தார். மணவாளராயர் அன்று மாலையே ஆளனுப்பி, அரண்மனை விறகுக் கொட்டகையைத் துடைத்து வைத்தாற்போலக் காலி செய்துவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை, மன்னர் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள். விடிந்ததும் கொட்டகைக்குப் போன குழைக்காதனிடம் காவற்காரன் கையைப் பிசைந்தான். “ஒரு சிலாம்புகூட இல்லீங்களே! என்ன செய்யப் போறீங்க?”

“நல்லதாய்ப் போயிற்று. தேடுகிற வேலை மிச்சம். பெரிய அண்டா ஒன்றும் நாலு ஆளும் ஒரு வண்டியும் கொடு” என்று சொல்லி, அவன் கிழக்கு வாசல் வழியாகப் போய்விட்டான்.

இங்கே பணியாளர்கள் மன்னருக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்து ஊறவைத்தார்கள். மன்னர் தடாகத்தில் கால் வைத்தார். பனிக்கட்டியைத் தொட்டவர்போல அலறிக்கொண்டு காலை எடுத்தார். அந்த நேரம் பார்த்து முரசு முழங்கியது.

“கேளுங்கள், கேளுங்கள்! அரண்மனைச் செய்தி! மன்னர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கிறார்! வெந்நீர் இன்னும் வரவில்லை!”

ஒரு முரசிலிருந்து அடுத்த முரசு, அதிலிருந்து அடுத்தது என்று அந்தச் செய்தி நாட்டின் எல்லை வரை போயிற்று. கோவணத்தோடு நின்ற மன்னர் காதைப் பொத்திக்கொண்டார்.

“யார் இதை அறையச் சொன்னது?”

“விகடர் எழுதி வைத்துவிட்டுப் போன ஓலை, மன்னா. அரண்மனைச் செய்தி கேட்கவேண்டும் என்பது நிபந்தனையாம். பொய் ஒன்றும் இல்லையே” என்று முரசடிப்பவன் நடுங்கிக்கொண்டே சொன்னான்.

இரண்டு நாழிகை கழிந்தது. எண்ணெய் நெற்றியில் வழிந்து கண்ணில் இறங்கத் தொடங்கியது. அப்போது கிழக்கே இருந்து முரசொலி ஊர் ஊராகத் திரும்பி வந்தது. அந்த நாட்டில் முரசு அரண்மனையை நோக்கி முழங்கியது அதுதான் முதல் தடவை.

“வெந்நீர் தயார்! காட்டுக்குள்ளே கொதிக்கிறது! சுள்ளி வெளியே போகலாகாது, ஆகையால் மன்னர் உள்ளே வருக!”

மன்னர் கோபத்தில் குதித்தார். மணவாளராயர் ஓடி வந்து, “தாங்கள் போகவேண்டாம், மன்னா! வீரர்களை அனுப்பி அவனைக் கட்டி இழுத்து வருகிறேன்” என்றார்.

“இந்தக் கோலத்தில் என்னை நாடறிய நிறுத்தினான். அவன் கையை என் கண் முன்னால் வெட்டவேண்டும். பல்லக்கைக் கொண்டுவா! நீரும் வாரும்!”

மந்திரியின் முகம் வெளுத்தது. ஏன் வெளுத்தது என்று மன்னருக்கு அப்போது தெரியவில்லை.

கிழக்கு வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் எல்லைக்கல் ஒன்று உண்டு. அங்கேதான் காடு தொடங்கும். மன்னர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அங்கே நாவற்பழம் பொறுக்கியிருக்கிறார். பல்லக்கின் திரையை விலக்கினார். கல் இருந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் வானம்தான் இருந்தது.

“காடு எங்கே?”

“கொஞ்சம் தள்ளி, மன்னா” என்றார் மந்திரி.

பல்லக்கு போயிற்று. வெயில் ஏறியது. புழுதி பறந்து எண்ணெயில் அப்பியது.

“காடு எங்கே?”

“இன்னும் கொஞ்சம் தள்ளி, மன்னா.”

இரண்டு பக்கமும் வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள், தலையில்லாத பட்டாளம் போல வரிசையாக நின்றன. பல்லக்கை முன்னால் சுமந்து போனவன் ஒரு கட்டையில் இடறி விழுந்தான். பல்லக்குச் சாய்ந்தது. மன்னர் உருண்டு புழுதியில் விழுந்தார். எழுந்தபோது அவர் மன்னராகத் தெரியவில்லை. மாவில் புரட்டிய பணியாரம்போல இருந்தார். எண்ணெயும் புழுதியும் கண்ணை எரிக்க, கண்ணை மூடிக்கொண்டே தடுமாறி நடந்து, அருகே இருந்த ஒரு குடிசையின் சுவரில் முட்டிக்கொண்டார்.

“யாரு? ஐயையோ, கண்ணுல எண்ணெய் எறங்கிருச்சா? அப்படியே உக்காருங்க, தேய்க்காதீங்க!”

வாசலில் ஒரு பெண் பச்சைக்குழந்தையை மடியில் வைத்திருந்தாள். பிரசவித்து மூன்று நாள்கூட ஆகாத வெளிறிய முகம். வெயிலில் ஒரு கரிய பானை இருந்தது. அவள் மெல்ல எழுந்து, பானையிலிருந்து மொண்டு அவர் முகத்தில் ஊற்றினாள். இளஞ்சூடாக இருந்தது.

“சூடாக இருக்கிறதே. எங்கே காய்ச்சினாய்?” என்றார் மன்னர்.

“காய்ச்ச எங்கிட்டு இருக்கு வெறகு? வெயில்ல வச்சது. உச்சிக்கு இம்புட்டுத்தான் சூடாகும். புள்ளையக் குளிப்பாட்ட வச்சிருந்தேன்.”

“பிள்ளைக்கு வைத்ததையா எனக்கு ஊற்றுகிறாய்?”

“புள்ளைக்கு நாளைக்கும் வெயில் அடிக்கும். உங்க கண்ணு நாளைக்கு வரைக்கும் தாங்குமா?” அவள் இன்னும் ஒரு முறை மொண்டு ஊற்றினாள். பானை காலியாயிற்று. “எனக்கு ஒரு உபகாரம் செய்வீங்களா ஐயா? ஊருக்குள்ள போறவரு மாதிரி இருக்கு. எனக்காகச் சுள்ளி பொறுக்கப் போன ஒச்சாயி அக்காளப் புடிச்சிட்டுப் போயிட்டாக. காத்தாயி நல்லா இருக்கா, ஆம்பளப் புள்ளன்னு அதுகிட்டச் சொல்லிருங்க. அது மனசு அடிச்சுக்கும்.”

மன்னர் கண்ணைத் திறந்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். இன்னும் குளிப்பாட்டாத குழந்தையின் சுருங்கிய விரல்களைப் பார்த்தார். பிறகு சற்றுத் தொலைவில் நின்ற மந்திரியைப் பார்த்தார். காட்டுப் பக்கமாக நடந்தார். பல்லக்கில் ஏறவில்லை.

அரைக்காதம் நடந்தபின் மரங்கள் தென்பட்டன. எண்ணினால் எண்ணிவிடலாம்போல ஒரு தோப்பளவு. முதல் மரத்தடியில் அண்டாவில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. குழைக்காதன் அருகே நின்றான். அவன் கும்பிட்டான், ஆனால் குனியவில்லை.

“அரசே, ஒரு சுள்ளியும் காட்டை விட்டு வெளியே போகவில்லை. வெந்நீர் தயார். செய்தியும் நாடெங்கும் கேட்டது.”

“இவ்வளவு தூரத்திலா அடுப்பு மூட்டுவாய்?”

“நான் காட்டுக்குள் மூட்டவேண்டும் என்றுதான் புறப்பட்டேன். காடு வரும் வரை வண்டியை ஓட்டச் சொன்னேன். இங்கேதான் வந்தது. தூரத்துக்குக் காரணம் நான் இல்லை, அரசே.”

“இதை நீ சபையிலேயே எனக்குச் சொல்லியிருக்கலாமே!”

“சொல்லியிருந்தால் தாங்கள் மந்திரியாரைக் கேட்டிருப்பீர்கள். அவர் ‘காடு நலம்’ என்று முரசு அடித்திருப்பார். வெட்டியவரே காவல், காவலரே சாட்சி. ஆறு வருஷமாகத் தங்கள் காது கேட்டதைத் தங்கள் கால்தான் பொய் என்று சொல்லவேண்டியிருந்தது.” அவன் அண்டாவின் அடியில் ஒரு சுள்ளியைத் தள்ளினான். “கோபத்தில் பேசுகிறேன், மன்னியுங்கள். வேடிக்கை சொல்ல இன்று எனக்கு வரவில்லை.”

மணவாளராயர், “மன்னா, எல்லாம் தங்கள் தடாகத்துக்காகத்தான்...” என்று தொடங்கினார்.

“வாயை மூடும்!” என்று மன்னர் கத்தியதில் மரத்திலிருந்த நாலு கிளிகளும் பறந்தன. “என் தும்மலுக்கு ஒரு காட்டைக் கொளுத்தினீர். ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் வெந்நீருக்கு ஒரு கையைக் கேட்டீர். ஆமாம், எனக்காகத்தான் செய்தீர். அதுதான் எனக்குத் தாங்கவில்லை!”

மன்னர் தம்மையே குனிந்து பார்த்துக்கொண்டார். எண்ணெய், புழுதி, சருகு, கோவணம். தும்மல் ஒன்று வந்தது. தும்மினார். திடீரென்று அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்மைப் பார்த்துத் தாமே சிரிக்கும் சிரிப்பு. அதைப் பார்த்தபிறகுதான் குழைக்காதன் முகத்தில் சிவப்புத் தணிந்தது.

“வென்றாய், குழைக்காதா! ஒச்சாயியை இப்போதே விடுவிக்க முரசு அறையுங்கள். காத்தாயி நலம், ஆண் குழந்தை என்பதையும் சேர்த்து அறையுங்கள். உனக்கு என்ன பரிசு வேண்டும்?”

“இரண்டு வேண்டும், அரசே. இந்த மோதிரங்களை மூன்று வெவ்வேறு கைகளில் மாட்டுங்கள். அவர்கள் தினமும் தங்கள் எதிரிலேயே சண்டை போடட்டும். காதுக்கு இரைச்சல்தான், நாட்டுக்கு நல்லது.”

“ஆகட்டும். இன்னொன்று?”

“இந்த அண்டா. சுள்ளிதான் காட்டை விட்டுப் போகக்கூடாது. வெந்நீர் போகலாம். ஓலையில் தடை இல்லை.”

மன்னர் குளிக்கவில்லை. அண்டாவை வண்டியில் ஏற்றி, ஆறிவிடாமல் தம் பட்டுப் போர்வையால் மூடி, பக்கத்திலேயே நடந்து வந்தார். மணவாளராயருக்கு ஒரு வேலை கொடுத்தார். அந்தக் கட்டைகளுக்கிடையே கன்று நட்டுத் தண்ணீர் ஊற்றவேண்டும். சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு எல்லைக்கல்லின் மேல் உட்காரவேண்டும். மரநிழல் கல்லின்மேல் விழுகிற அன்றுதான் அவருக்கு வெந்நீர்.

குடிசை வாசலில் வண்டி நின்றது. ஆவி பறக்கும் அண்டாவையும், பின்னால் வந்த வீரர்களையும், கொடியையும் பார்த்துக் காத்தாயி மிரண்டு எழுந்தாள். பிறகு கூட்டத்தின் நடுவே, புழுதி அப்பிய அந்த ஆளை அடையாளம் கண்டுகொண்டாள்.

“ஐயா, நீங்களா?” என்றாள். “கண்ணெரிச்சல் போயிருச்சா?”

மன்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அம்மா” என்றார்.

அன்று மாலை, வெட்டுப்படாத ஒரு வலக்கை அந்தக் குழந்தையைக் குளிப்பாட்டியது. ஒரு பானை வெந்நீரை அறியாத ஆளுக்கு ஊற்றியவளுக்கு ஓர் அண்டா வந்தது. ஆண்டவன் கணக்கு அப்படித்தான். அரசாங்கக் கணக்கும் அப்படி இருந்தால், விகடர்களுக்குக் கோபமே வராது.