ஐஸ் ரூமும் சொர்ணக்கிளி சோடாவும்

இந்த அநியாயத்தக் கேளுங்க! மல்லிப்பூ வாடாம வைக்கன்னு டெல்லி குடுத்த பணத்துல ஐஸ் ரூம் கட்டிட்டேன்னாரு பிரசிடெண்டு துரைக்கண்ணு. அதச் சரிபாக்க மெட்ராஸ்லருந்து ஆபீசர் வந்தாரு.

“உள்ள குளிருதுன்னு சொல்லணும், இல்லாட்டி உன் கடை இருக்காது”ன்னு சோடாக்கடை சொர்ணக்கிளிய முந்தியே மெரட்டிட்டாரு பிரசிடெண்டு. அவ ஆத்தாளும் சோடாக்காரிதான், தாலி கட்டுன மாப்பிள்ளைகிட்டயே சோடாவுக்குக் காசு கேட்டவ… அது கெடக்கட்டும்.

“கதவத் தொறந்தா குளிரு ஓடிப்போயிரும்யா”ன்னாரு பிரசிடெண்டு. ஆபீசரும் கெளம்பப் பாத்தாரு.

வெயில்ல கெடந்த சோடாவ ஆபீசர்கிட்ட நீட்டுனா சொர்ணக்கிளி. “ராத்திரி பூரா ஐஸ் ரூம்ல இருந்துச்சுய்யா, நல்லாக் குளிரும்.”

ஒரு மடக்குதான். ஆபீசருக்கு நாக்கு வெந்துபோச்சு. “தொறய்யா கதவ!”

தொறந்தா, ஆத்தாடி! மிஷினும் இல்ல, பூவும் இல்ல. பிரசிடெண்டு வீட்டுக் கோழி அடைகாத்துக்கிட்டு இருக்கு!

பிரசிடெண்டு சொர்ணக்கிளிய மொறச்சாரு.

“குளிருதுன்னு சொல்லச் சொன்னீக, சொல்லிட்டேன்”னா சொர்ணக்கிளி. “கதவச் சாத்துங்கய்யா, முட்டைக்குக் குளிரப்போகுது.”