ஆப்பு இல்லடா, ஆப்!

ஈரோட்டு ஜவுளிக்கடைக்குப் பழுது பார்க்கும் வேலைகளைக் கவனிக்க ஒரு ஆப் வேண்டியிருந்தது. வந்தவை இரண்டு. ஒன்றில், சரிசெய்தவன் சொன்னால்தான் பழுதைக் காட்டும் சிவப்பு பச்சையாகும். மற்றதில் மேனேஜர் ஏசி அறையிலிருந்தே பச்சையாக்கிக்கொள்ளலாம். மேனேஜர் பரந்தாமன் எதை வாங்கியிருப்பார்? கேட்கவும் வேண்டுமா!

"லிஃப்ட் கதவு சிக்குதுங்க சார். குழந்தை குட்டியோட ஜனங்க ஏறுறாங்க. ஆப்புல போட்டும் நீங்க சாமான் வாங்கலியே!" என்று கொதித்தான் எலெக்ட்ரீசியன் செங்கோடன்.

"ஆப்பு இல்லடா, ஆப்!" பரந்தாமன் செல்போனில் ஒரு தட்டுத் தட்டினார். லிஃப்ட் பச்சையானது. "இனிமே பச்சையா இருக்கிறதுல கை வச்சே, வேலை போயிரும்."

"சரிங்க சார்."

மறுநாள் முதலாளி வந்தார். அவரும் பரந்தாமனும் ஏறிய லிஃப்ட் இரண்டாம் மாடியில் நின்றது. கதவு திறக்கவில்லை.

"செங்கோடா, திறடா!" உள்ளிருந்து கத்தினார் பரந்தாமன்.

"பச்சையா இருக்குதுங்களே சார். கை வச்சா வேலை போயிருமுங்க."

"பச்சையாக்கினது யாருய்யா?" உள்ளே முதலாளி உறுமினார்.

பரந்தாமன் முதலாளியின் கண்ணெதிரிலேயே தன் விரலால் செல்போனில் லிஃப்டைச் சிவப்பாக்கினார்.

அடுத்த நிமிடமே செங்கோடன் கதவைத் திறந்துவிட்டான்.

"இப்பவாச்சும் ஆப்புன்னு சொல்லலாங்களா, சார்?"