நாலு குரலும் நிற்கும் இடம்

இத்தாலியில் ஒரு மலையூர். அங்கே கிறிஸ்தவக் கோயிலுக்குப் பூசைப் பாட்டு எழுதிக் கொடுத்தவர் அன்செல்மோ. அவருடைய சீடன் தாத்தேயோ, நரை தட்டின ஆள். பாடகர் குழு நாலு குரலாகப் பிரிந்து பாடும்; அதில் கீழ்க்குரல் அவனுடையது. மூச்சைப் பிடித்தான் என்றால் லேசில் விடமாட்டான், அப்படி ஒரு நெஞ்சு.

அன்று கோயிலுக்கெல்லாம் தலைவரான ஆயரைப் பார்த்துவிட்டு நேரே அன்செல்மோவிடம் வந்தான். முகம் செத்துக் கிடந்தது. குழுவே சுற்றி நின்று பார்த்துப் பாடும் பெரிய தோல் புத்தகம் மேடையில் விரிந்திருந்தது. மை சுரண்டுகிற கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"ஐயா, நம்ம பெரிய பாட்டுல நடுவுல நாலு குரலும் சட்டுனு நின்னுடுதே, அது ஆயருக்கு ஆகலை. பாட்டு முடிஞ்சுதுன்னு சனங்க எந்திரிச்சுடுறாங்களாம். ஈஸ்டருக்குள்ள அதை எடுக்கலேன்னா உங்களை வேலையை விட்டு அனுப்பிடுவாராம்."

"எடுக்க முடியாது," என்றார் அன்செல்மோ.

தாத்தேயோ புத்தகத்தின் பக்கம் நகர்ந்தான். இவரை விட்டால் அவனுக்கு வேறு நாதியில்லை.

"சின்ன இடந்தானே. நீங்க கண்ணை மூடிக்குங்க, நான் சுரண்டிடுறேன்."

அன்செல்மோ சிரித்துவிட்டார். "உட்காரு. உனக்கு முந்தி கீழ்க்குரல் பாடினாரே ஜெரார்தோ, அவரைத் தெரியுமா?"

"பேரைக் கேட்டிருக்கேன். பார்த்ததில்லை."

"நான் எழுதின முதல் பாட்டை இந்தக் குழுவுல ஒருத்தரும் சீந்தலை. அவர்தான் எந்திரிச்சு நின்னு, தன் பங்கைத் தனியாப் பாடினார். மத்தவங்களுக்கு வெட்கமாப் போய், ஒவ்வொருத்தரா வந்து சேர்ந்துக்கிட்டாங்க. அன்னிக்கு ஆரம்பிச்சது என் பிழைப்பு."

"அப்புறம்?"

"வயசாச்சு. மூச்சு வாங்க ஆரம்பிச்சது. 'என்னை விட்டுடுப்பா'ன்னார். நான் விடலை. நடுவுல அவர் மூச்சு வாங்க ஒரு இடம் விட்டு இந்தப் பாட்டை எழுதினேன்."

"அவர் மட்டும் நின்னாப் போதாதா? எல்லாரும் ஏன் நிக்கணும்?"

"அவர் மட்டும் நின்னா ஊருக்கே தெரிஞ்சுடுமே."

தாத்தேயோ கத்தியைப் பார்த்தான். ஆனாலும் அவனுக்கு மனசு கேட்கவில்லை.

"அவர்தான் போய்ச் சேர்ந்துட்டாரே ஐயா. உங்க வேலை போயிடுமே."

"இந்த வேலையே அவர் போட்ட பிச்சை."

"எனக்கு அங்கே மூச்சு வாங்க வேண்டியதே இல்லை. அந்த இடத்துல நான் என்னதான் செய்யட்டும்?"

"பாட்டு முழுக்க நீ இருக்கே, தாத்தேயோ," என்றார் அன்செல்மோ. "அந்த ஒரு இடத்துலயாவது அவர் இருந்துட்டுப் போகட்டும்."