மெயின்ஃப்ரேமைப் பேச வைத்தவள்

சென்னையில் ஒரு வங்கியின் கணினி மையத்தில் புரோகிராமர் பூங்கோதை. இன்னும் பேசத் தொடங்காத சின்ன மகளைத் தென்காசியில் கணவரிடம் விட்டு வந்தவள், பார்க்க ஏங்கி மாதக்கணக்காக லீவு கேட்டாள்.

மேலாளர் கனகசபாபதி எல்லார் முன்னாலும் மையத்தின் பெரிய கணினியான மெயின்ஃப்ரேமைக் காட்டிச் சிரித்தார். "இதோட திறன் எவ்வளவுன்னு இதுவே வாயைத் திறந்து சொல்லட்டும், லீவு தர்றேன்."

அவள் சின்ன புரோகிராம் ஒன்று எழுதினாள். அது இயந்திரத்திடமே பிராசஸர் திறனைக் கேட்டது. பதில் திரையில் வந்து நின்றது.

"எப்படிம்மா சொல்ல வெச்சே?"

"கேட்டேன் சார், சொல்லிருச்சு. உங்ககிட்டயும்தான் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

சுற்றி நின்றவர்கள் சிரிக்க, அவர் லீவு கொடுத்தார்.

தென்காசியில் கதவைப் பிடித்து நின்ற, இதற்குள் பேசக் கற்றிருந்த மகள், "நீங்க யாரு?" என்று கேட்டாள். பூங்கோதைக்கு அழுகைதான் வந்தது.