பாட்டுப் போடாமல் கேட்டது

"என்னை ஒரு வார்த்தை கூப்பிடலை, டீச்சர்" என்றார் வேதமாணிக்கம்.

செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"யாரு கூப்பிடலை?"

"எம் மகன்தான். கோயம்புத்தூருக்கு மாத்தலாகிப் போறான். புருஷனும் பொண்டாட்டியும் சாமானெல்லாம் கட்டிக்கிட்டு இருக்காங்க. நீங்களும் வாங்கப்பான்னு ஒரு வார்த்தை. சொன்னா வாயிலேர்ந்து முத்து உதிர்ந்துடுமா?"

"நீங்க கேட்டீங்களா?"

"நான் எதுக்குக் கேக்கணும்? பெத்தவன் போய் மகன்கிட்ட எடம் கேக்கறதா?"

டீச்சர் மேசை இழுப்பறையைத் திறந்து, சோப்புக் கட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"இதைக் கேட்டுப் பாத்து எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

வேதமாணிக்கம் பெட்டியைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார்.

"நான் என் கஷ்டத்தைச் சொல்றேன். நீங்க ஆம்ப்ளிஃபையரைக் கொடுக்கறீங்க."

"ஹெட்ஃபோன் ஆம்ப். பையில போட்டுக்கலாம். விலையும் சல்லிசு. உங்க ரகம்தான்."

உறையூரில் அந்த மாடி அறைக்கு, காதுப் பைத்தியம் பிடித்தவர்கள் சிலர் சனிக்கிழமைகளில் வருவார்கள். டீச்சர் என்று அவர்கள் கூப்பிடும் தில்லைநாயகி, சென்னையில் சினிமாவுக்கு ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தவர். வேதமாணிக்கத்துக்கு மகள் வயதுதான் இருக்கும். ஆனால் டீச்சரின் காது அந்த அறையில் இருந்த எல்லாக் காதுகளுக்கும் மூத்தது. அதனால் நரைத்த தலைகளும் பாயில் உட்கார்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்.

வேதமாணிக்கம் மின்வாரியத்தில் காலமெல்லாம் மீட்டர் சோதித்து ஓய்வு பெற்றவர். மனைவி ரோஸ்மேரி இறந்த பிறகு, அப்பா கொஞ்சம் ஆறுதலாக இருக்கட்டும் என்று மகன் பெலிக்ஸ் ஒரு பெரிய ஹெட்ஃபோன் வாங்கிக் கொடுத்தான். மாட்டியவர் மாட்டியவர்தான். சாப்பிடவும், தூங்கவும், கோயிலுக்குப் போகவும் மட்டும் கழற்றுவார்.

சும்மா கேட்டுக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. சோதித்த கை சும்மா இருக்குமா? இணையத்தில் 'சல்லிசு சங்கீதம்' என்று ஒரு பக்கம் ஆரம்பித்தார். விலை குறைந்த ஹெட்ஃபோன், ஸ்பீக்கர் எதைக் கண்டாலும் வாங்கிக் கேட்டு, குற்றம் குறை சொல்லி எழுதினார். நாலு பேர் படித்தார்கள். அந்த நாலு பேர்தான் அவருக்கு ஊர், உறவு எல்லாம்.

அன்று அங்கேயே பெட்டியைப் போனுக்கும் ஹெட்ஃபோனுக்கும் நடுவில் சொருகினார். போனில் வரும் பாட்டு அந்தப் பெரிய ஹெட்ஃபோனுக்குப் போதாது. இப்படி ஒரு ஆம்ப் நடுவில் இருந்தால்தான் அதற்குத் தெம்பு வரும்.

பாட்டைப் போட்டார். கண்ணை மூடினார்.

கொஞ்ச நேரத்தில் எதிரே நிழலாடியது. கண்ணைத் திறந்தால், டீச்சர் ஏதோ கேட்பதுபோல் வாயசைத்தார். வேதமாணிக்கம் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

பாட்டு முடிந்து கழற்றியபோது, டீச்சர் கடைசி முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார். தட்டு காலி.

"எனக்குக் கிடையாதா?"

"கேட்டேனே. வேண்டாம்னீங்க."

வேதமாணிக்கம் அசடு வழியச் சிரித்தார். "பழக்கதோஷம், டீச்சர். வீட்டுல மருமக வந்து வாயசைச்சா, காபி வேணுமான்னு அர்த்தம். தலையாட்டிடுவேன். அப்பவும் வச்சிட்டுத்தான் போவா. நான் எடுக்கும்போது ஆறிப்போயிருக்கும். ஆறின காபிதான் நமக்கு விதிச்சது."

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை வேதமாணிக்கம் படியேறும்போதே முகம் மலர்ந்திருந்தது.

"அருமையான ஆம்ப், டீச்சர். தவில் அடிச்சா வயித்துல இடிக்குது. வயலின்ல வில்லு திரும்பற இடம்கூடத் தெரியுது. போன்ல நேராக் கேட்டா இதுல பாதி இல்லை."

"ரெண்டையும் ஒரே சத்தத்துல வச்சுக் கேட்டீங்களா?"

அவர் யோசித்தார். "ஆம்புல கொஞ்சம் கூடத்தான் இருந்திருக்கும்."

"சத்தம் கூடினா எதுவும் நல்லாத்தான் இருக்கும்."

மலர்ந்த முகம் வாடிவிட்டது. மீட்டர் சோதித்தவருக்கு இது தெரியாததா? ரெண்டு மீட்டரை ஒப்பிடுவதென்றால் ரெண்டுக்கும் ஒரே மின்சாரம் கொடுக்க வேண்டும். இத்தனை வருஷம் அதைத்தானே செய்தார்! பாட்டு விஷயத்தில் மட்டும் கோட்டை விட்டிருந்தார்.

"உங்க மகன் கேட்டாரா?" என்றார் டீச்சர்.

"இல்லை. மருமகளும் கேக்கலை. கூடம் பூரா அட்டைப்பெட்டி. அதுக்கு நடுவுல நான் ஒரு பழைய சாமான். கட்டறதா வேண்டாமான்னு முடிவு பண்ணாத சாமான்."

சொல்லிவிட்டு இருமினார்.

அதற்கும் அடுத்த சனிக்கிழமை வந்தார். இந்தத் தடவை படியேறியதே சத்தமில்லாமல்.

"சமமா வச்சுக் கேட்டேன். பெரிய வித்தியாசம் இல்லை. மெல்லிசாப் பதிவான பழைய பாட்டுக்குக் கொஞ்சம் பலம் கொடுக்குது. பேட்டரி ஒரு நாள் பூரா தாங்குது. குடுத்த காசுக்கு மோசமில்லை. இப்படியே எழுதிடலாமா?"

"இது பாடும்போது எப்படின்னு கேட்டீங்க. சும்மா இருக்கும்போது எப்படி இருக்குது?"

"சும்மான்னா?"

"பாட்டுப் போடாம. ஆம்பை ஆன் பண்ணி, எப்பவும் வைக்கற சத்தத்துல திருகிவச்சு, மாட்டிக்கிட்டு உக்காருங்க. சல்லிசு ஆம்புல உள்ளுக்குள்ள ஒரு இரைச்சல் ஓடும். பாட்டு அதை மூடிடும். பாட்டு இல்லாதபோதுதான் அது தெரியும்."

வேதமாணிக்கம் ஆம்பைப் பைக்குள் போடப் போனார்.

"உங்க பக்கத்துல எழுதினது எல்லாத்தையும் படிச்சிருக்கேன்" என்றார் டீச்சர். "ஒண்ணுலகூட இரைச்சலைப் பத்தி எழுதலை. ஏன்?"

"அந்தச் சோதனை எனக்கு ஒத்துக்காது, டீச்சர்."

"ஏன்?"

அவர் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"ரோஸ்மேரி எதையாவது பேசிக்கிட்டே இருப்பா. அடுப்போட பேசுவா, பூனையோட பேசுவா, என்னைத் திட்டுவா. அவ போனப்புறம் வீட்டுல சத்தமே இல்லை. அதைக் கேக்க முடியலைன்னுதான் இதை மாட்டினேன். பாட்டு நின்னா அடுத்த பாட்டு. நடுவுல ஒரு நிமிஷம் சும்மா இருந்தா நெஞ்சை அடைக்குது. இப்ப இவங்களும் போகப்போறாங்க. என்னால முடியாது."

டீச்சர் எழுந்துபோய், ஒரு காகிதத்தில் முறுக்கு மடித்துக்கொண்டு வந்து அவர் பையில் வைத்தார்.

"அதைக் கேக்காம நல்லாருக்குன்னு எழுதாதீங்க" என்றார். "மோசம்னும் எழுதாதீங்க."

அவ்வளவுதான். அடுத்த ஆளைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

ஞாயிறு பகல். பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, வேதமாணிக்கம் கூடத்தில் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். சுற்றிலும் அட்டைப்பெட்டிகள். சுவரில் படங்கள் மாட்டியிருந்த இடமெல்லாம் வெள்ளைக் கட்டங்களாக இருந்தன. ரோஸ்மேரி படம் மட்டும் அதன் இடத்தில் இருந்தது. அதை யாரும் தொடவில்லை. என்னோடு அவளையும் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று நினைத்தார்.

கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே ஹெட்ஃபோனை மாட்டினார். ஆம்பை ஆன் செய்தார். எப்போதும் வைக்கும் இடம்வரை திருகினார்.

பாட்டுப் போடவில்லை.

இரைச்சல் இருந்தது. ரொம்ப மெல்லிசாக, அரிசி களையும் சத்தம்போல. கண்ணை மூடி அதையே பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டு என்று விரல் போனைத் தேடியது. போனை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டார்.

கொஞ்சம் கொஞ்சமாக மற்றதும் கேட்டது. அவருடைய ஹெட்ஃபோன் இருபுறமும் வலை வைத்த ரகம். பாட்டு ஓடாதபோது வெளிச்சத்தம் தாராளமாக உள்ளே வரும். மின்விசிறி. தெருவில் ஒரு ஸ்கூட்டர். பெட்டிமேல் டேப் ஒட்டும் கிறீச்.

பிறகு மகனும் மருமகளும் கூடத்துக்கு வந்தார்கள். அவர் காதில் ஹெட்ஃபோன் இருந்தால் அந்த வீட்டில் யாரும் குரலைத் தாழ்த்திப் பேசுவதில்லை.

"இந்த அலமாரியையும் ஏத்திடலாமா?" இது பெலிக்ஸ்.

"வேணாங்க. மாமா துணியெல்லாம் எதுல வைப்பார்?" இது ஜெசிந்தா.

"அங்க அந்த வாசல் ரூமை என்ன செய்யறது?"

"என்ன செய்யறது! சும்மா கெடக்கட்டும். மாமாவுக்குன்னுதானே கீழ்வீடாத் தேடி அலைஞ்சோம். தினம் படியேறினா முட்டி தாங்காதுன்னு."

டேப் ஒட்டும் சத்தம் நின்றது.

"நீ ஒழுங்காத்தான் கேட்டியா, ஜெசி?"

"எத்தனை தடவைங்க சொல்றது? இதே சேர்ல, இதே மாதிரிதான் உக்காந்திருந்தார். கிட்டப்போய் நின்னேன். எங்களோட வந்துடுங்க மாமான்னேன். கண்ணைத் திறந்து என்னைப் பாத்தார். வேண்டாம்னு தலையாட்டிட்டு மறுபடி மூடிக்கிட்டார்."

"ஒரு வார்த்தைகூடவா சொல்லலை?"

"சொல்லலை. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"நான் ஒரு தடவை கேக்கட்டுமா?"

"வேணாம். திருப்பித் திருப்பிக் கேட்டா, வீட்டை விக்கறதுக்குத்தான் கூப்பிடறாங்கன்னு நினைச்சுக்குவார். அத்தை இருந்த வீடு. விட்டு வர மனசில்லை. விடுங்க."

பெலிக்ஸ் மூக்கை உறிஞ்சினான். வெளிக்கதவு திறந்து மூடியது.

வேதமாணிக்கம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். காதுக்குள் அந்த அரிசி களையும் சத்தம் ஓடிக்கொண்டேயிருந்தது.

அவள் வந்து கேட்ட அன்று எந்தப் பாட்டு ஓடியது என்று யோசித்துப் பார்த்தார். பாடகன் எங்கே மூச்சு வாங்குகிறான், எந்த அடியில் மிருதங்கக்காரன் அவசரப்படுகிறான் என்றெல்லாம் எழுதியவர். என்ன பாட்டு என்றே நினைவுக்கு வரவில்லை.

ஆனால் அவள் வந்து நின்றது நினைவிருந்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள். காபிக்கு ஏன் இத்தனை நேரம் நிற்கிறாள் என்றுகூட நினைத்தார். எரிச்சல்பட்டார்.

கண்ணீர் கன்னத்தில் இறங்கி ஹெட்ஃபோன் மெத்தையில் ஊறியது.

காலடிச் சத்தம் கிட்டே வந்து நின்றது. கண்ணைத் திறந்தார். ஜெசிந்தா. ஒரு கையில் டேப் உருளை. அவர் கண்ணைப் பார்த்து ஒரு கணம் தயங்கினாள். பாட்டில் கரைந்துவிட்டார் என்று நினைத்திருப்பாள். பிறகு, எப்போதும்போல, இன்னொரு கையால் டம்ளரைத் தூக்குவதுபோல் காட்டி வாயசைத்தாள்.

அவர் தலை தானாக இந்தப் பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம் திரும்புவதற்குள் ரெண்டு கையாலும் ஹெட்ஃபோனைப் பிடித்துக் கழற்றினார். அவசரத்தில் வயர் இழுபட்டு ஆம்ப் மடியிலிருந்து தரையில் விழுந்தது. அதை அவர் பார்க்கவில்லை.

"என்னம்மா?"

"காபி போடவான்னு கேட்டேன், மாமா."

"அது இல்லைம்மா. அன்னிக்கு வந்து நின்னு ஒண்ணு கேட்டியே."

ஜெசிந்தா டேப்பைக் கீழே வைத்தாள்.

"அதை இன்னொரு தடவை கேளு."