குடைத்துணிப் பெண்மயில்

ஒரே ஒரு ஊர். அந்த ஊருக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு காடு. அங்கே சுனையோரம், பாறையடி வளையில், பொட்டி என்ற பெருச்சாளி தன் குட்டிகளோடு குடியிருந்தாள்.

சுனை பார்க்க வரும் மனுசர்கள் போட்டுவிட்டுப் போவதையெல்லாம் பொட்டி வாசலுக்கு இழுத்து வந்துவிடுவாள். ஓட்டைச் சொம்பு, கிழிந்த குடை, தேய்ந்த பல் பிரஷ், எதையும் விடமாட்டாள்.

வளைக்கு மேலிருந்த பாறைதான் தோகையப்பன் என்ற ஆண்மயில் ஆடும் இடம். ஒருநாள் காலையில் அவர் வந்து சொம்பை ஓர் உதை விட்டார்.

"ஏ பொட்டி! இது பாறையா, குப்பைமேடா? மழை வரப்போகுது. பெண்மயில்கள் ஆட்டம் பார்க்க வந்தா என் மானம் என்ன ஆகும்?"

"குப்பை இல்லண்ணே! இதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தா..."

"சேர்ந்தா பெரிய குப்பை! பொழுது சாயறதுக்குள்ள இதுவும் போகணும், நீயும் போகணும்!"

பொட்டி வளைக்குள் எட்டிப் பார்த்தாள். கண் திறக்காத குட்டிகளைத் தூக்கிக்கொண்டு மழையில் எங்கே போவாள்? சொம்பைப் பார்த்தாள். குடையைப் பார்த்தாள். அழுகை வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது!

சொம்புதான் உடம்பு. அதற்குக் குடைக்கம்பியில் கால் வைத்தாள், குடைத்துணியில் சிறகு கட்டினாள். உடைந்த பொம்மையின் சுருள்கம்பி கழுத்துக்கு ஆயிற்று. அதன்மேல் ஒரு பம்பரத்தைப் படுக்கவைத்தாள். பம்பரத்து ஆணி அலகேதான்! பிரஷ் நாரைப் பிடுங்கிக் கொண்டை வைத்து, சட்டைப் பொத்தானில் கண்ணும் வைத்தாள். பிறகு அதைப் பாறைமேல் நிறுத்திவிட்டு வளைக்குள் பதுங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் தோகையப்பன் வந்தார். பாறைமேல் யாரோ ஒரு பெண்மயில்!

"அம்மணிக்கு எந்தக் காடு?" என்றார். குரலில் தேன் ஒழுகியது.

பெண்மயில் தலை நிமிரவே இல்லை.

"அட, வெட்கமாக்கும்!" தோகையை விரித்து ஒரு சுற்று ஆடினார். "பிடிச்சிருக்கா?"

காற்றடித்தது. சுருள்கம்பி அசைந்தது. பம்பரத் தலை 'ஆமாம், ஆமாம்' என்று ஆடியது.

தோகையப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. "அடடா, என்ன கொண்டை! என்ன மினுமினுப்பு! இப்படி ஓர் அழகை நான் பார்த்ததே இல்லை!" என்று நெருங்கி நெருங்கி ஆடினார். தோகை பட்டது. 'டங்!' தலை கழன்று உருண்டது.

"ஐயையோ, கொன்னுட்டேனே!"

மரத்திலிருந்த குரங்குகள் விழுந்து விழுந்து சிரித்தன. "மாமா! கல்யாணம் எப்போ?"

பொட்டி மெல்ல வெளியே வந்தாள். "பயப்படாதீங்கண்ணே. காலையில நீங்க உதைச்ச சொம்புதான் இது. பொழுது சாஞ்சிருச்சு, எடுத்துட்டுக் கிளம்பட்டுமா?"

தோகையப்பன் குரங்குகளைப் பார்த்தார். பெண்மயிலைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"வேணாம். இருக்கட்டும். நீயும் பிள்ளைகளோட இருந்துக்கோ." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அவங்க தலையை மட்டும் கொஞ்சம் நேரா மாட்டிவிடு."

தோகையைச் சுருட்டிக்கொண்டு, இரண்டு தரம் திரும்பிப் பார்த்தபடியே நடந்து போய்விட்டார்.

குப்பை என்று காலால் உதைத்துத் தள்ளினால், ஒருநாள் அதன் முன்னாலேயே நின்று ஆட வேண்டிவரும்.