கடைவாய்ப் பல் செய்த குற்றம்

மருதங்குளத்து ராஜா வீரதேவன் போர் என்றால் முன்னால் நிற்பார். பல்வலி என்றால் நடுங்கிப்போவார். ஒரு சமயம் அவருடைய கடைவாய்ப் பல்லில் குழி விழுந்தது. வெள்ளியை வைத்து அடைக்கலாம் என்றார் தலைமை வைத்தியர் பூவராகர். சிரித்தால் வாய் பாத்திரக்கடை மாதிரி மின்னுமே என்று ராஜாவுக்குக் கவலை. அதனால் பல் வைத்தியர் அங்கமுத்து, பிசினில் வெள்ளைக்கல் பொடியைக் குழைத்து, பல்லின் நிறத்திலேயே அடைத்துக் கொடுத்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அடைப்பு பத்து வருஷம் நிற்கும், இனிப்பை மட்டும் தொடக்கூடாது, விழுந்தால் நான் நாட்டை விட்டே போகிறேன் என்று சபையில் வாக்கும் கொடுத்துவிட்டார் மனிதர்.

நாலாம் வருஷமே அடைப்பு கழன்று ராஜாவின் கையில் விழுந்தது. பூவராகருக்கு ஒரே கொண்டாட்டம். கொடுத்த வாக்கைக் காப்பாற்றச் சொல்லுங்கள் என்று ராஜாவின் காதைக் கடித்தார். இனிப்பு ஏதாவது சாப்பிட்டீர்களா என்று அங்கமுத்து பயந்து பயந்து கேட்டார். வெல்லத்தின் வாசனையைக்கூட மறந்துவிட்டேன் என்றார் ராஜா. தினமும் ராஜாவுக்காக அந்தப்புரத்துக்கு ஆறு அதிரசம் போவது அரண்மனை முழுக்கத் தெரியும். ஆனால் ராஜா பொய் சொல்கிறார் என்று யார் சொல்வது? அங்கமுத்துவின் வீட்டில் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

அவையில் வெண்காடன் என்று ஒருவன் இருந்தான். யோசனை சொல்வதும் ராஜாவைச் சிரிக்க வைப்பதும் அவன் வேலை. அவன் கழன்ற அடைப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விரிசல் இல்லை, தேய்மானம் இல்லை. அதை ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் போட்டான். இன்னொரு கிண்ணத்தில் ராஜாவை வாய் கொப்பளிக்கச் சொன்னான். இரண்டையும் தூணோரம் எறும்பு ஊரும் இடத்தில் வைத்தான்.

கொஞ்ச நேரத்தில் அடைப்புக் கிண்ணத்தின் பக்கம் ஓர் எறும்பும் இல்லை. ராஜாவின் கிண்ணத்தைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். ராஜாவின் முகம் கறுத்தது.

வெண்காடன் கைகட்டி நின்றான். "மகாராஜா இனிப்பைத் தொடவில்லை. நீங்கள் சொன்னால் சரிதான். உங்களுக்குத் தெரியாமல் இந்தப் பல்தான் திருட்டுத்தனமாகத் தின்றிருக்கிறது. தின்று தின்று சொத்தையாகி, நன்றாக இருந்த அடைப்பை வெளியே தள்ளிவிட்டது. நாடு கடத்த வேண்டியது பல்லைத்தான்."

அங்கமுத்து சட்டென்று பையிலிருந்து பல் பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்தார்.

ராஜா இரண்டு கையாலும் கன்னத்தைப் பொத்திக்கொண்டார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பல்லை மன்னித்தேன். குறடு உள்ளே போகட்டும், அங்கமுத்து. நீர் எங்கேயும் போக வேண்டாம், மறுபடி அடைத்துவிடும். அதிரசத்தை நாடு கடத்துகிறேன். ஆனால் வெண்காடா, தினமும் ஆறு அதிரசத்தை எந்த நாட்டுக்கு அனுப்புவது?"

வெண்காடன் பணிவாகச் சொன்னான்:

"எல்லைக்கு அந்தப் பக்கம்தான் மகாராஜா என் மாமியார் வீடு. தினமும் நானே கொண்டுபோய் விட்டுவிடுகிறேன்."